தொடர்கதையின் பின்பக்கம்

பிருந்தா வாசகி ஆனது ஓட்டை விழுந்த பத்திரிகைகளைப் படித்துத்தான்.

அவள் சிறுமியாக இருந்தபோது வியாழக்கிழமை காலையில் வாரப் பத்திரிகை வரும். அப்பா ஆவுடைநாயகம் பிள்ளை கைபடாமல் அதை வேறு யாரும் தொடக்கூடாது. தாலுகா ஆபீஸுக்குக் கிளம்புமுன் சரித்திரத் தொடரை மட்டும் நின்றபடியே படிப்பார். படித்த கையோடு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, பிளேடால் அந்தத் தாள்களை ஒட்ட அறுத்து எடுத்து, கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். தொடர் முடிந்ததும் பைண்டிங் கடைக்குப் போகும். சிவப்புக் காலிகோத் துணி அட்டை, முதுகில் தங்க எழுத்தில் அவர் பெயர். எழுதியவன் பெயர் உள்ளே எங்கேயோ இருக்கும்.

மிச்சம்தான் வீட்டுப் பெண்களுக்கு. மிச்சத்தில் சிறுகதை இருக்கும், ஆனால் முழுதாக இருக்காது. புதுப்பெண் ஒருத்தி தாம்பரம் ஸ்டேஷனில் சிரித்துக்கொண்டே ரயிலேறுவாள். அடுத்த தாள் அப்பாவின் ராஜா கதையோடு போயிருக்கும். கடைசிப் பக்கங்களில் தொடர்ச்சியைத் தேடிப் பிடித்தால் அவள் கிணற்றுக்குள் கிடப்பாள். ரயிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அம்மா பிரம்மநாயகி இட்லிக்கு ஆட்டிக்கொண்டே கேட்பாள். பிருந்தா சொல்லுவாள். முதலில் மாமியாரைக் கொடுமைக்காரி ஆக்குவாள். அம்மாவுக்கு அது சப்பென்று இருந்தால், புருஷனுக்கு இன்னொரு குடும்பம் வைத்துக் கொடுப்பாள். ஆரம்பமும் முடிவும் கையில் இருந்தால் நடுவை உண்டாக்கிவிடலாம் என்று பத்து வயதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நடு மட்டும் கையில் இருந்தால் என்ன செய்வது என்பதை அவள் நாற்பத்தைந்து வயதுக்குமேல்தான் யோசிக்க வேண்டி வந்தது.

இப்போது அவள் வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. அம்மா போய்விட்டாள். தம்பி அருணாசலம் சிங்கப்பூரில் இருக்கிறான். தீபாவளிக்குத் தொலைபேசியில் வருவான். வந்த வரன்களை எல்லாம் அப்பா ஒவ்வொரு குறை சொல்லித் தள்ளினார், பிறகு வருவது நின்றுபோயிற்று. கண் அழுத்த நோயில் அவருக்கு இரண்டு கண்ணும் போனபின், பீரோச் சாவி முதல்முறையாக அவள் கைக்கு வந்தது. கொடுக்கும்போது, பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

அவருக்குத் தேவை ஒரு குரல். தம்பி ஏதோ ஒரு செயலியில் கதை கேட்க ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். அதில் படித்த பெண்ணின் தமிழ் அவருக்குப் பிடிக்கவில்லை. 'பாண்டியன்' என்று சொல்லும்போது காப்பி ஆர்டர் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்றார். தவிர, அவருடைய கொற்கைக் கதை எந்தச் செயலியிலும் கிடையாது. கொற்கைத் துறைமுகத்தைக் காவல்காத்த ஒரு தளபதியைப் பற்றி அந்த வாரப் பத்திரிகையில் வந்த நீண்ட தொடர் அது. புத்தகமாக வரவேயில்லை. பத்திரிகையும் பிறகு மூடிப் போனது. ஆக, அந்தக் கதை பைண்டு செய்து வைத்தவர்கள் வீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. தளபதியின் வம்சம்தான் தங்கள் வம்சம் என்று ஆவுடைநாயகம் பிள்ளை கலியாண வீடுகளில் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள், அவர்களும் ஆளுக்கொரு தொடரிலிருந்து ஆளுக்கொரு தளபதியை எடுத்து வைத்திருந்தார்கள்.

தினமும் பள்ளி விட்டு வந்து, காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரம்வரை வாசிப்பாள். ஒரு வரி விட்டால் அவருக்குத் தெரியும். கதை அவருக்கு மனப்பாடம். தெரிந்ததையே கேட்கத்தான் அவருக்கு அவள் வேண்டியிருந்தது.

அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது, அடுத்த தாளின் பின்பக்கத்தில் கண் பட்டது. வழக்கமாக அங்கே சோப்பு விளம்பரமோ வாசகர் கடிதமோ இருக்கும். இதில் ஒரு சிறுகதையின் நடு இருந்தது. தலைப்பு இல்லை, பெயர் இல்லை. ஒரு பிச்சைக்காரர் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறார். 'கோப்பில் கையெழுத்து வாங்க நீட்டுகிறவர் மாதிரி அவர் தகரத் தட்டை நீட்டினார்' என்று ஒரு வரி.

அது அவள் எழுதிய வரி.

பத்தொன்பது வயதில் எழுதியது. கதைக்கு வித்து வீட்டிலேயே கிடைத்திருந்தது. தம்பிக்கு மஞ்சள் காமாலை முற்றிக் கிடந்தபோது, அம்மா குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்தால் தசராவுக்குப் பிள்ளையின் அப்பா பிச்சைக்கார வேஷம் போடுவார் என்று. வேஷம் போட்டால் வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுத்துத்தான் கோயிலில் சேர்க்க வேண்டும். தாலுகா ஆபீஸ்காரர் ஊருக்குள் தட்டேந்த முடியுமா? தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத, செம்மணல் தேரிக்காட்டுப் பக்கத்து ஊர்களாகப் பார்த்து, முகத்தில் சாம்பலைப் பூசிக்கொண்டு எடுத்துவிட்டு வந்தார். வீட்டில் அதைப்பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிருந்தாவின் கதையில் அவர் வழி தவறித் தன் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறார். கதவைத் திறப்பது மகள். அவளுக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது. அவளுக்குத் தெரிந்துவிட்டது அவருக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் பக்கம் முடிந்தது. அடியில் பொடி எழுத்தில், 'மீதி 61-ம் பக்கம்.'

மீதி இல்லை. அவளிடமும் இல்லை. மூன்று விதமாக முடித்துப் பார்த்து, ஒன்றை நல்ல பிரதி எடுத்துத் தபாலில் சேர்த்தாள். பதிலே வரவில்லை. திரும்பி வந்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு, மிச்சத் தாள்களை வெந்நீர் அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் எழுதியதெல்லாம் கரும்பலகையில்தான்.

"என்ன நிறுத்திட்டே?" என்றார் அப்பா. கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டு, பக்கத்தைப் புரட்டி, தளபதி குதிரை ஏறியதை வாசித்தாள். குரல் நடுங்கவில்லை. இருபது வருஷம் வகுப்பில் பேசிய குரல்.

மறுநாள் கொற்கைக் கதையை வாசிக்க உட்கார்ந்து, அந்தப் பின்பக்கத்தை வாசித்தாள். மெதுவாக, முதல் வரியிலிருந்து. அவர் குறுக்கிடவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். அவள் முடித்ததும், "மீதி அறுபத்தோராம் பக்கம்" என்றார்.

"இது யாரு எழுதுனதுன்னு தெரியுமாப்பா?"

"தெரியாம என்ன? ஆ. பிருந்தா, திருநெல்வேலின்னு கொட்ட எழுத்துல போட்டிருந்தான். படம் வேற வரஞ்சிருந்தான். பிச்சக்காரனுக்கு என் மூக்கு."

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா இன்னொண்ணு எழுதுவே."

விலைவாசி சொல்லுகிற மாதிரிச் சொன்னார். பத்திரிகை ஆபீஸிலிருந்து வந்த தபாலையும் அவர்தான் வாங்கினாராம். அந்த வாரம் வீட்டுக்கு மிச்சத்தைக் கொடுக்காததோடு, தெருவில் அந்தப் பத்திரிகை வாங்குகிற வீடுகளுக்கெல்லாம் காலையிலேயே போய், படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்து, ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லையாம். அதை மட்டும் கொஞ்சம் பெருமையோடு சொன்னார். "நான் நம்ம தெருவுப் பக்கம் வரவே இல்ல. நீ வர வச்சே. ஊருக்கே தெரியும்படியா வர வச்சே."

பிருந்தா கேட்க நினைத்தது நிறைய இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "அது எப்படிப்பா முடிஞ்சுது?"

அவர் முகம் அவள் பக்கமாகத் திரும்பியது. "நீ எழுதுனதுதான? ஒனக்குத் தெரியாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னாள்.

கண் போனதிலிருந்து அவர் சிரித்ததே இல்லை. அன்று சிரித்தார். தொண்டையில் காப்பி புரையேறி, அவள் தலையில் தட்டிவிட வேண்டியிருந்தது. "கொற்கைக் கதை முடியட்டுளா" என்றார், மூச்சு வந்ததும். "முழுசா வாசி. பொறவு சொல்லுதேன்."

அவர் வாயிலிருந்துதான் வர வேண்டுமா என்று அவள் வேறு வழியும் பார்த்தாள். மாவட்ட நூலகத்தில் வாரப் பத்திரிகைகளைச் சேர்த்து வைப்பதில்லை. சென்னையில் பழைய இதழ்கள் வைத்திருக்கிற ஓரிடத்துக்கு எழுதினாள். அந்த வருஷத்து இதழ்கள் இல்லை என்று பதில் வந்தது. பாளையங்கோட்டையில் பாக்கியசீலன் என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பழைய பத்திரிகைகளாகச் சேர்த்து வீட்டையே அடைத்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை போனாள்.

கொற்கைத் தொடர் என்றதும் மனிதர் குதூகலமாகிவிட்டார். ஸ்டூல் போட்டு ஏறி, பச்சை அட்டை போட்ட ஒரு கட்டை இறக்கினார். அதே தொடர், அதே அறுப்பு. அவள் புரட்டிக்கொண்டு போய் அந்தத் தாளில் நிறுத்தினாள். அதே பின்பக்கம். அதே பிச்சைக்காரர், அதே தட்டு. மீதி 61-ம் பக்கம்.

"இதோட மத்த பக்கமெல்லாம்?"

"எதுக்கும்மா? தொடர் முழுசா இருக்குல்லா."

"பின்னாடி இருக்குற சிறுகதை வேணும்."

அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு அந்தப் பக்கத்தை வாசித்தார். "சிறுகதைய யாரும்மா வெட்டி வச்சா? மிச்சத்தையெல்லாம் என் பொண்டாட்டி அலமாரித் தட்டுக்கு விரிச்சா. கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் மாத்துவா." பிறகு, நல்ல மனதோடு சொன்னார், "நல்லாத்தான் எழுதியிருக்கு. ஆனா பொம்பளப் புள்ள எழுதுனது. முடிக்கத் தெரிஞ்சிருக்காது."

காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

திரும்பும் பேருந்தில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. இந்தச் சீமையில் எத்தனையோ வீட்டு பீரோக்களில் அவள் கதையின் நடு பத்திரமாக இருக்கிறது. தூசி தட்டி, பாச்சா உருண்டை போட்டு வைத்திருக்கிறார்கள். ராஜாவின் முதுகில் ஒட்டிக்கொண்டு அது பிழைத்துக் கிடக்கிறது. தலையையும் காலையும் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே இடத்தில் அறுத்து எறிந்திருக்கிறார்கள். அப்பா ஒருவர் மட்டும் செய்திருந்தால் அதைப் பகை என்று சொல்லிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் ரசனையோடு செய்திருந்தார்கள்.

ஆசிரியர் அறையில் ஷம்ஸியாவிடம் மட்டும் சொன்னாள். ஷம்ஸியா மேலப்பாளையத்துப் பெண், கணக்கு எடுப்பவள், அவளைவிட இளையவள். தலையணை கனத்துக்கு மாயாஜால நாவல்கள் படிப்பாள். ஆங்கிலத்தில் வருவது, தமிழில் பெயர்த்து வருவது எல்லாம். முதலில் பிருந்தாவுக்கு அவை பிடிக்கவில்லை. ஒரு வரைபடம், பெயர் வாயில் நுழையாத ஏழு நாடுகள், காணாமல் போன ஒரு பொருள். தேடிப் போனவனுக்கு அது கிடைத்தே தீரும். உலகத்தில் அப்படிக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள். அதற்குத்தானேக்கா முதல் பக்கத்திலேயே டிராகனைப் பறக்கவிட்டுச் சொல்லிவிடுகிறான், இது நம் ஊரில் நடக்காது என்று, என்பாள் ஷம்ஸியா. போகப் போக பிருந்தாவுக்கு அந்த நேர்மை பிடித்துப்போயிற்று. சரித்திரக் கதை அப்படி இல்லை. ஒரு கல்வெட்டைக் காட்டிவிட்டு, அதன் மறைவில் ஆயிரம் பொய் சொல்லும். யாரையும் பிச்சை எடுக்க விடாது. சிறுகதைதான் அவளுக்குச் சொந்தம். வீட்டுக்குள் வந்து, உட்காராமல், ஓர் அறை அறைந்துவிட்டுப் போகிற விருந்தாளி. அறைந்தது எதற்கென்று முடிவில்தான் தெரியும். முடிவு இல்லாவிட்டால் கன்னம் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

"நீங்களே ஒரு முடிவு எழுதிக்கிட வேண்டியதுதானக்கா" என்றாள் ஷம்ஸியா.

"எழுதலாம். அது இந்தக் கிழவி எழுதுறதா இருக்கும். அந்தப் பொண்ணு என்ன செஞ்சா? அவளுக்கு அப்ப எவ்வளவு தைரியம் இருந்துச்சு? எனக்கு அதுதான் தெரியணும்."

மணி அடித்தது. ஷம்ஸியா, தான் புதிதாக வாங்கியிருந்த ஒரு தடித்த நாவலைப் பிருந்தாவின் பையில் திணித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

பிருந்தா கொற்கைக் கதையை வாசித்தாள். ஆனி கழிந்து, ஆடிச் சாரல் அடித்து ஓய்ந்தது. தளபதி கடல்கொள்ளையரை வென்றார், சிறைப்பட்டார், தப்பினார், மூன்று பெண்கள் அவரை நினைத்து மெலிந்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூடாவிட்டாலும் ஒன்றுதான், ஆனால் மூடினால் ரசிக்கிறார் என்று பொருள். இடையிடையே மகளைச் சீண்டுவது அவருக்குப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. முடிவில் கடைசி வார்த்தை என்னவென்று எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு என்பார். அவள் நிமிர்ந்தால், மேல படி என்பார். ஒருநாள் காய்ச்சலில் அவள் வாசிக்கவில்லை. "மறதி வர்ற வயசுளா எனக்கு" என்றார் கட்டிலிலிருந்தபடியே. அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து வாசித்தாள்.

ஆவணியில் தளபதி முடிசூட மறுத்துக் கடலில் கப்பலேறிப் போய்விட்டார். முற்றும் என்றிருந்ததையும் அவள் வாசித்தாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, தானாகவே ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ள கதவச் சாத்திட்டு உள்ள போயிருதா. அவன் அங்கனயே நிக்கான். சத்தங்காட்டாம நிக்கான். பொறவு தட்ட வாசல்ல கவுத்து வச்சிட்டுப் போயிருதான். காலைல அவ கோலம் போட வந்தா, தட்டு கெடக்கு. அதச் சுத்திக் கோலம் போடுதா. அவ்வளவுதான்."

பிருந்தா எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். துக்கத்தால் இல்லை. அவ்வளவு தைரியம் இருந்திருக்கிறது! தட்டைச் சுற்றிக் கோலம் போட வைத்திருக்கிறாள், பத்தொன்பது வயதில். அவளை ஒரு பெரிய எழுத்துக்காரி என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் அவள் பயந்தாங்கொள்ளி இல்லை.

அந்த வாரம் பள்ளியில் அவள் தலைமை ஆசிரியரிடம் ஒரு விஷயத்துக்கு முடியாது என்று சொன்னாள். அவர் அசந்துபோனார். வண்ணார்பேட்டைக் கடையில் கோடு போடாத தாள்கள் ஒரு கட்டு வாங்கினாள். ஷம்ஸியா பார்த்துவிட்டு, யாருக்கு நோட்டீஸ் அடிக்கப் போகிறீர்கள் என்று கேலி செய்தாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மேசையில் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். தாளில் பேனா ஓடுகிற சத்தம் கட்டிலில் இருந்த அப்பாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அன்று சாயந்திரம் அவர் பீரோவிலிருந்து அடுத்த கட்டை எடுக்கச் சொன்னார். மதுரையை முற்றுகையிட்ட கதை, கொற்கையைவிடப் பெரிது. நாளைக்கு ஆரம்பிக்கலாம், எனக்குக் கொஞ்சம் எழுத்து வேலை இருக்கிறது என்றாள் பிருந்தா.

"எழுத்து வேலையா" என்றார் அவர். பிறகு, சாவகாசமாக, "ஏளா, அந்தப் புள்ள கதவச் சாத்துனான்னா ஒங்கிட்ட சொன்னேன்?"

அவள் பேனாவை வைத்தாள்.

"இல்லளா. நான் வேற ஏதோ கதையோட போட்டுக் கொழப்பிட்டேன். கோலம்லாம் வேற எவனோ எழுதுனது. ஒன் கதையில அந்தப் புள்ள கால்ல விழுந்து அழுதுல்லா? அப்பா என்ன மன்னிச்சிருங்கன்னு. சோறு போட்டு, செம்புல தண்ணி மோந்து குடுத்து. அப்படித்தான்னு நெனக்கேன்." பார்வை இல்லாத கண்கள் அவள் இருந்த இடத்துக்குச் சற்று இடதுபக்கம் பார்த்தன. "சரியா யோசிக்கணும். இந்த முற்றுகைக் கதைய வாசி. அதுக்குள்ள வந்துரும்."

புரையேறிய அன்று சிரித்த அதே சிரிப்புதான்.

கோலம் அவருடையதா, அவளுடையதா? காலில் விழுந்தது யார் கற்பனை? அன்று அவள் எழுதிப் பார்த்த மூன்று முடிவுகளில் இந்த இரண்டும் இருந்திருக்கக்கூடும், ஒன்றுகூட இல்லாமலும் இருந்திருக்கக்கூடும். ஒன்று மட்டும் உறுதியாகத் தெரிந்தது. முற்றுகை முடியும்போது அவர் மூன்றாவதைச் சொல்வார். அதற்கப்புறம் பீரோவில் இன்னும் எத்தனையோ கட்டுகள் இருந்தன.

அவள் எழுதிய பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். அது சற்று முன்புவரை தன்னைத் தைரியசாலி என்று நம்பிய ஒருத்தி எழுதியது. அதை மடித்து வைத்தாள்.

பீரோவைப் பூட்டினாள். ஷம்ஸியா கொடுத்த தடித்த நாவலை எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து, வழக்கமாக வாசிக்கிற இடத்தில், அப்பாவின் கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டார். கண்ணை மூடினார்.

முதல் பக்கத்தில் வரைபடம் இருந்தது. அதைப் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டினாள்.

"வாசி" என்றார்.

புரட்டினாள்.

"ஏளா, நீ வாசிக்கது எனக்குக் கேக்கல."

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டது. அவள் படித்துக்கொண்டிருந்தாள், டிராகன் ஒன்று மலைக்குமேல் எழும்பிவிட்டிருந்தது.

"என்ன கத அது? ராஜா கதையா?" சற்று நேரம் கழித்து, "சிறுகதையா இருந்தாலும் சரிதான்" என்றார். அதற்கப்புறம், "பைய ஒரு பக்கம் வாசி ளா. ஒரு பக்கம் போதும்."

சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கையை நீட்டினார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. கோப்பு நீட்டுகிறவர் கை மாதிரி இல்லை.

பிருந்தா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நல்ல தடித்த தாள். புரட்டுகிற சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.